செஞ்சிப் பழக்கத்துக்கு ஒரு சிவப்பு அட்டை

1

போன மே மாசம் ஒரு புதன்கிழமை சாயங்காலம், இங்கிலாந்துல லீட்ஸ் ஊர்ல ஒரு பொதுப் பூங்காவுல, என் பொண்ணுக்கு சிவப்பு அட்டை காட்டி கால்பந்து மைதானத்த விட்டு வெளிய அனுப்பிட்டாங்க. அவ செஞ்ச குத்தம் இன்னா தெரியுமா? அடுத்த பொண்ணு மேல கால் பட்டுடுச்சுன்னு தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. அவ்ளோதான்.

செஞ்சியில இருந்து இத படிக்கிறவங்க சிரிப்பீங்க. சிரிங்க. இப்ப எனக்கும் சிரிப்பு வருது. அன்னிக்கு வரல. அன்னிக்கு வந்த கோவத்துக்கு எங்க ஊர்ல கோட்ட இருக்கற ராஜகிரி மலைய ஒரே மூச்சுல ஏறி எறங்கியிருப்பேன்.

நாங்க இந்த ஊர்ல வந்து எறங்கினதும் ஒரு மே மாசம்தான். வருஷா வருஷம் அந்தத் தேதி வரும்போது என் வீட்டுக்காரர் சேகர் கேசரி கிண்டுவாரு. அவருக்கு செய்யத் தெரிஞ்ச ஒரே பலகாரம் அதுதான். பொட்டலம் டெலிவரி பண்ற வேன் ஓட்டறாரு. நான் ஒரு முதியோர் இல்லத்துல வேல செய்றேன். எங்க ஒரே பொண்ணு இனியா, பதினஞ்சு வயசு, இங்கயே பொறந்தவ. இங்க எல்லாருக்கும் அவ ‘இன்னி’. அந்தப் புதன்கிழமையும் நாங்க வந்த நாளாத்தான் இருந்துச்சு. கேசரிய டப்பாவுல போட்டு எடுத்துக்கிட்டுத்தான் இன்னியோட ஆட்டத்துக்குப் போனோம். அர இறுதி ஆட்டம். ஜெயிச்சா ஃபைனல்.

2

மைதானம்னதும் படிக்கட்டு, கூரை, விளக்குக் கம்பம்னு நெனச்சிக்காதீங்க. ஒரு பக்கம் நாய கூட்டிக்கிட்டு நடக்கறவங்க, இன்னொரு பக்கம் வண்டியில கொழந்தைய தள்ளிக்கிட்டுப் போறவங்க, நடுவுல வெள்ளக் கோடு போட்ட புல்லு. கோல் வலைய டோனா தோள்ல போட்டுக்கிட்டு வந்து அவளே கட்டுவா. டோனாதான் எங்க டீமோட கோச். பகல்ல ஒரு பல் டாக்டர்கிட்ட ரிசப்ஷன்ல உக்காந்துட்டு, சாயங்காலம் இந்தப் பொண்ணுங்க பின்னால சம்பளமே இல்லாம ஓடறா. மே மாசத்துல இங்க ஏழு மணிக்கும் வெயில் நம்மூரு நாலு மணி வெயில் மாதிரி அடிக்கும். அந்த வெளிச்சத்துல புல்லு பச்சையா மின்னறத பாத்தா, எனக்கே எறங்கி ஓடணும்போல இருக்கும்.

ஆனா எறங்க முடியாது. கோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கயிறு கட்டியிருப்பாங்க. பெத்தவங்க எல்லாரும் அதுக்குப் பின்னாலதான் நிக்கணும். பக்கத்துலயே ஒரு போர்டு. ரெஃப்ரிகிட்டப் பேசாதீங்க, கோச்சுக்கு யோசன சொல்லாதீங்க, திட்டாதீங்க, கைதட்டுங்க. நம்மூர்ல கபடி பாக்கறவன் இத படிச்சா மயக்கம் போட்டு விழுந்துடுவான். நம்மூர்ல ஆட்டத்த ஆடறதுதான் உள்ள இருக்கறவங்க. ஆட்டி வெக்கறது சுத்தி நிக்கற ஊரு.

மொத வருஷம் எனக்கு இது தெரியாம, “ஏய், வுடாத! புடி அவள!”ன்னு ஒரு கத்து கத்திட்டேன். பக்கத்துல போன நாய் ஒண்ணு அப்படியே உக்காந்துடுச்சு. அந்த நாயோட சொந்தக்காரர் என்னப் பாத்த பார்வ இருக்கே! அதுல இருந்து வாய மூடிக்கிட்டு முந்தானிய கடிச்சிக்கிட்டு நிக்கப் பழகிட்டேன். முந்தானின்னா இங்க ஜாக்கெட் ஜிப்புதான்.

இன்னி நாலு வருஷமா கோல்கீப்பர். அந்த அர இறுதிக்குக் கொஞ்ச நாள் முன்னாலதான், பின்வரிசையில ஆடற ஒரு பொண்ணுக்கு முட்டி பிசகிப் போச்சு. இன்னி உயரமா இருக்கா, பயப்பட மாட்டான்னு டோனா அவள அந்த எடத்துக்கு மாத்திட்டா. எதிராளி கால்ல இருந்து பந்த பறிக்கற எடம். கால் மேல கால் விழாம அந்த வேலைய செய்யவே முடியாது. இத அப்ப நான் யோசிக்கல.

இன்னிகிட்ட தமிழ் எவ்ளோ இருக்குதுன்னு கேட்டீங்கன்னா, பசிக்கற அளவுக்கு இருக்குது. ‘சாப்டேன்’, ‘வேணாம்’, ‘அப்பறம்’. சனிக்கிழம தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினேன். கொஞ்ச நாள் போனா, அப்பறம் சனிக்கிழமையில ப்ராக்டீஸ் வந்துடுச்சு, பள்ளி நின்னுடுச்சு. செஞ்சியில இருக்கற எங்க நைனாகிட்ட வீடியோவுல பேசச் சொன்னா, கட்ட விரல தூக்கிக் காட்டிட்டு ஓடிடுவா. அவரும் பதிலுக்கு விரல காட்டுவாரு. தாத்தாவும் பேத்தியும் பேசிக்கற பேச்சு அவ்ளோதான். எனக்கு அது வருத்தம். சொல்லிக் காட்டினா சண்டையாவுதுன்னு சொல்றதில்ல.

3

கால் பட்டா தொட்டு ஒத்திக்கற பழக்கத்த நம்மூர்ல யாரும் யாருக்கும் உக்கார வெச்சி சொல்லிக் குடுக்கறதில்ல. எனக்கு அது பஸ்ல வந்துச்சு. எங்க நைனா கண்டக்டர். அமாவாசைன்னா மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ல அவருக்கு டூட்டி. சின்னதுல என்ன சில தடவ முன்னால இஞ்சின் பக்கத்துல உக்கார வெச்சிக் கூட்டிக்கிட்டுப் போயிருக்காரு. அங்காளம்மனைப் பாக்கப் போற கூட்டம், மூச்சு வுட எடம் இருக்காது. நைனா உள்ள நுழையும்போதெல்லாம் யாரு காலையாவது மிதிப்பாரு. குனிய முடியாது. கைக்கு எட்டின தோள தொட்டு, விசில் புடிச்ச கையாலயே கண்ணுல ஒத்திக்கிட்டு, “டிக்கெட், டிக்கெட்”னு போயிட்டே இருப்பாரு. மிதி வாங்கினவங்களும் ‘ஆங், பரவால்ல’ன்னு தலைய ஆட்டிடுவாங்க.

இடுப்புல இருக்கற கொழந்த பக்கத்துல நிக்கறவர ஒதச்சிடும். அதுக்கு இன்னா தெரியும்? அதோட அம்மா சட்டுனு அந்த ஆள தொட்டுத் தன் கண்ணுல ஒத்திக்குவா. கொழந்த பாட்டுக்கு சிரிச்சிக்கிட்டு இருக்கும்.

ஸ்கூல்ல கபடி ஆடும்போதும் அதேதான். ரெய்டு போறப்ப எதிராளி மூஞ்சியில ஒதச்சிட்டு, மூச்சு முடிஞ்சதும் ஓடிப் போயி தொட்டு ஒத்திக்கிட்டு, “வலிக்குதாடி?”ன்னு கேப்போம். கேட்டுட்டு அடுத்த ரெய்டுல மறுபடியும் ஒதைப்போம். ஆட்டத்துக்கு ஒதைக்கணும், ஒதச்சதுக்குத் தொடணும். இதுல எங்களுக்கு ஒரு குழப்பமும் இருந்ததில்ல.

என் பொண்ணுக்கு இத நான் சொல்லிக் குடுத்ததே இல்ல. எங்க சமையக்கட்டுல ரெண்டு பேரு நின்னா மூணாவது ஆளு சுவத்துலதான் ஒட்டிக்கணும். அங்க நான் அவ கால மிதிப்பேன், அவ என் கால மிதிப்பா. நான் தொட்டு ஒத்திக்கிட்டே இருந்திருக்கேன், அவ பாத்துக்கிட்டே இருந்திருக்கா. உக்கார வெச்சி சொல்லிக் குடுத்த அ, ஆ எல்லாம் போச்சு. சொல்லிக் குடுக்காத இது ஒட்டிக்கிச்சு.

4

அன்னிக்கு ரெஃப்ரி கீத்துன்னு ஒரு பெரியவர். நரச்ச தல, ரெண்டு முட்டியிலயும் பட்டை. ஓடறப்ப அவரு முட்டி படற பாட்ட பாத்து நான்தான் உச்சு கொட்டினேன். அடுத்த ஒரு மணி நேரத்துல அவர எந்தெந்த பாஷையில திட்டப் போறேன்னு அப்ப எனக்குத் தெரியாது.

மொதப் பாதியில மஞ்ச ஜெர்சி போட்ட ஒரு ஒசரமான பொண்ணுகிட்ட இருந்து இன்னி பந்த பறிச்சா. பந்தோட சேத்து அந்தப் பொண்ணு காலும் வந்துடுச்சு. அவ விழுந்தா, கீத் விசில் ஊதினாரு, ஃபவுல். அது சரிதான், நானே ஒத்துக்கறேன். இன்னி குனிஞ்சா, அந்தப் பொண்ணு தோள தொட்டா, நிமிர்ந்தா, ரெண்டு விரல கண்ணுல வெச்சா. நிமிர்ந்த மூஞ்சிக்கு நேரா கீத் நின்னுட்டாரு.

இதெல்லாம் அப்பறம் தெரிஞ்சது. அப்ப கயித்துக்குப் பின்னால இருந்த எனக்கு அவ முதுகுதான் தெரிஞ்சுது. கீத் எதுக்கோ கோவப்பட்டு பத்து நிமிஷம் வெளிய உக்காருன்னு அவள அனுப்பினாரு. இங்க சின்னவங்க ஆட்டத்துல ரெஃப்ரிய எதிர்த்தா அதுதான் தண்டன. “நான் ஒண்ணுமே செய்யல!”ன்னு இன்னி கத்தினது மட்டும் காதுல விழுந்துச்சு.

பத்து நிமிஷம் கழிச்சி உள்ள வந்தா. நல்லாத்தான் ஆடினா. ரெண்டாவது பாதி முடியப் போற நேரம், நாங்க ஒரு கோல் முன்னால இருக்கோம். அதே மஞ்ச ஜெர்சிப் பொண்ணு மறுபடியும் பந்தோட வந்தா. இன்னியோட பூட்ஸ் அவ முழங்காலுக்குக் கீழ பட்டுடுச்சு. மறுபடியும் குனிஞ்சா, தொட்டா, கண்ணுல வெச்சா. அப்பவும் எனக்கு முதுகுதான் தெரிஞ்சுது. அந்தப் பக்கத்துக் கயித்துல நின்ன பெத்தவங்க, “பாரு, ரெண்டாவது தடவ கிண்டல் பண்றா!”ன்னு கூச்சல் போட்டாங்க. போர்டு அவங்களுக்கு இல்லபோல. கீத் முட்டி வலியெல்லாம் மறந்து ஓடி வந்து சிவப்பு அட்டைய தூக்கிட்டாரு.

இன்னி என்னத் தாண்டித்தான் நடந்து போனா. என்னப் பாக்கல. கன்னமெல்லாம் செவந்து கெடந்துச்சு.

மீதி பத்து பொண்ணுங்களும் தாக்குப் புடிச்சி ஜெயிச்சிட்டாங்க. ஃபைனல் அடுத்த புதன்கிழம. சிவப்பு வாங்கினவ அதுல ஆடக் கூடாது.

5

“ரெஃப்ரிய பாத்து ரெண்டு தடவ சைகை காட்டியிருக்கா. உனக்குக் கண்ணு தெரியலயான்னு”னு டோனா வந்து சொன்னா. சொல்லிட்டு ரெண்டு விரல தன் கண்ணு கிட்ட கொண்டு போயிக் காட்டினா.

அடக் கடவுளே! பாத்த ஒடனே எனக்குப் புரிஞ்சிடுச்சு. பக்கத்துல சேகருக்கும் புரிஞ்சிடுச்சு, தலையில கைய வெச்சிக்கிட்டாரு. நான் டோனாவுக்கு விளக்கினேன். என் இங்கிலீஷ் நிதானமா இருக்கும்போது பரவால்ல, கோவம் வந்தா அது வேற வழியா போயிடும். “எங்க ஊர்ல காலுக்கு மரியாத”ன்னு ஆரம்பிச்சி, “கண்ணுல வெக்கறது சாரி”ன்னு முடிச்சேன். டோனா நல்லவ, நம்பினா. ஒடனே கீத்துகிட்டப் போயி சொல்லியும் பாத்தா. “நான் பாத்தது எனக்குத் தெரியும்”னு அவரு சொல்லிட்டாராம்.

“இப்ப இன்னா பண்றது?”ன்னேன்.

கிளப்போட செக்ரட்டரி எழுத்துல குடுக்கணும், அத ஒரு கமிட்டி படிக்கும், கமிட்டி கூடறது ஃபைனலுக்கு அப்பறம்னு சொன்னா. எனக்கு சிரிப்பே வந்துடுச்சு. ஃபைனல் முடிஞ்சப்பறம் தீர்ப்ப வெச்சிக்கிட்டு இன்னா பண்றது, ஊறுகா போடறதா? ஒரே ஒரு வழிதான் இருந்துச்சு. ரெஃப்ரி வீட்டுக்குப் போயி இன்னிக்கே அறிக்கைய அனுப்பிடுவாரு. அதுக்கு முன்னால தப்பா புரிஞ்சிக்கிட்டேன்னு அவரே எழுதினாத்தான் உண்டு. “ஆனா நீ போயி அவர்கிட்டப் பேசிடாத, கண்ணு. பெத்தவங்க கயிறு தாண்டினா கிளப்புக்கே பிரச்சன”ன்னா டோனா.

“வுடு செல்வி. எதுக்கு வம்பு? இன்னும் எத்தினியோ ஆட்டம் இருக்குது அவளுக்கு”ன்னாரு சேகர்.

அந்த ‘வுடு’ இருக்கே, அது எனக்கு ஆகவே ஆகாது. பத்தாவது படிக்கும்போது நான் ஸ்கூல் கபடி டீம்ல ரெய்டர். விழுப்புரத்துல மாவட்டப் போட்டி. போறதுக்கு மொத நாளு பி.டி. டீச்சர் என் பேர எடுத்துட்டாங்க. நான் எதிர்த்துப் பேசினேனாம். ஒரு பொண்ணுக்குக் கால் சுளுக்கியிருக்கு, இன்னிக்கு அவள ஓட வெக்காதீங்கன்னு சொன்னேன், அதுதான் நான் பேசின எதிர்ப்பேச்சு. நைனா காக்கிச் சட்டையோட ஸ்கூல் கேட்டு வரைக்கும் வந்தாரு. கேட்டுல கொஞ்ச நேரம் நின்னாரு. அப்பறம், “பெரியவங்க எடுத்த முடிவும்மா, நாம போயி இன்னா பேசறது? வுடு”ன்னு சொல்லிட்டு டூட்டிக்குப் போயிட்டாரு. அவர நான் தப்பு சொல்லல. படிச்சவங்க முன்னால நின்னா அவருக்கு வாய் வராது. டீம் பஸ் ஏறிப் போனத நான் டவுன் பஸ் ஸ்டாண்டுல நின்னு பாத்தேன். எதிர்ல அந்த மலையும் கோட்டையும் எப்பவும்போல நின்னுக்கிட்டு இருந்துச்சு. அதுக்கப்பறம் நான் கபடி ஆடல.

என் பொண்ண நான் அப்படி பஸ் ஸ்டாண்டுல நிக்க வுட மாட்டேன். கயிறு தாண்டினாத்தானே தப்பு? கார் பார்க்குல கயிறு கெடையாது. கேசரி டப்பாவ கையில புடிச்சிக்கிட்டு நடந்தேன்.

“ஐயோ, டப்பாவ வெச்சிட்டுப் போ! லஞ்சம்னு நெனச்சிக்கப் போறாங்க!”ன்னு சேகர் பின்னாலயே ஓடி வந்தாரு.

6

கீத் காரோட பின்கதவ தொறந்து வெச்சிக்கிட்டு அதுல உக்காந்து முட்டிப் பட்டைய அவுத்துக்கிட்டு இருந்தாரு. நான் நேரா போயி நின்னு, நம்மூர் ஸ்கூல்ல டீச்சர்கிட்ட எப்படிக் கேப்போமோ அப்படியே இங்கிலீஷ்ல, “சார், உங்க மேல எனக்கு ஒரு டவுட்டு”ன்னுட்டேன். சந்தேகம் கேக்க வந்திருக்கேன்னு அர்த்தம். அவரு காதுல அது எப்படி விழுந்திருக்கும்னு பாருங்க.

“நிறைய பேருக்கு இருக்கும்மா. நீ மொத ஆளு இல்ல”ன்னாரு.

நான் சொல்ல ஆரம்பிச்சேன். கால் பட்டா எங்க ஊர்ல இப்படித்தான், மன்னிப்பு, மரியாத, அந்தப் பொண்ணுகிட்டத்தான், உங்ககிட்ட இல்லன்னு. அவரு பொறுமையா கேட்டுட்டு, “ரெண்டு தடவையும் என் மூஞ்சியப் பாத்துத்தான் செஞ்சா. மன்னிப்பு கேக்கறதா இருந்தா அவளே வாயத் தொறந்து சொல்லியிருப்பாளே? ஒண்ணுமே செய்யலன்னு இல்ல சொன்னா?”ன்னாரு. அவ ஏன் சொல்லலன்னு எனக்கும் புரியல. இருந்தாலும் எடத்த வுட்டு நகரல. நீங்க அறிக்கைய மாத்தற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்னு சொல்லிட்டேன். அவரு பெருமூச்சு வுட்டாரு.

அப்ப பின்னால பூட்ஸ் சத்தம். தார் ரோட்டுல டக்கு டக்குன்னு இன்னி ஓடி வந்தா. இங்கிலீஷ்ல கத்தறா. “அம்மா, நிறுத்து! ஏன் இப்படி அசிங்கப்படுத்தற? எல்லாரும் பாக்கறாங்க! உன்ன யாரு கேட்டா?”

“உனக்காகத்தாண்டி பேசறேன்!”

“எனக்கு ஒண்ணும் பேச வேணாம்! எப்பப் பாத்தாலும் நீ இப்படித்தான், எங்க போனாலும்…”

பேசிக்கிட்டே கோவத்துல ஒரு அடி முன்னால வெச்சா பாருங்க, ஆணி வெச்ச அந்த பூட்ஸ் நேரா என் செருப்புக் கால் மேல எறங்கிச்சு. “அம்மாடி!”ன்னு அலறிட்டேன். இன்னி குனிஞ்சா, என் கால தொட்டா, கண்ணுல ஒத்திக்கிட்டா, நிமிர்ந்தா, “…சண்ட போடற! உன்னால எனக்கு வெக்கமா இருக்குது!”ன்னு விட்ட எடத்துல இருந்து கத்தி முடிச்சா.

மூச்சு கூட நடுவுல நிக்கல. கீத் பட்டைய கையில புடிச்சபடி அப்படியே அவளப் பாத்தாரு.

“இப்ப இன்னா செஞ்ச நீ?”ன்னு அவளக் கேட்டாரு.

“நான் இன்னா செஞ்சேன்? ஒண்ணுமே செய்யல!”ன்னா இன்னி. அழுகையே வந்துடுச்சு அவளுக்கு.

அப்பத்தான் எங்க எல்லாருக்குமே வெளங்கிச்சு. அவ பொய் சொல்லல. தும்மினவன் தும்மினத நெனவு வெச்சிக்கிட்டா இருப்பான்? அதுமாதிரி அவளுக்கே தெரியாம கை போயிட்டு வந்திருக்குது. சேகர்தான் அவகிட்ட மெதுவா செஞ்சி காட்டினாரு. பாத்துட்டு, “நான் இதையா செஞ்சேன்?”ன்னு தன் கைய திருப்பித் திருப்பிப் பாத்தா.

கீத் பட்டைய காருக்குள்ள போட்டாரு. அப்பறம் சொன்னாரு, “நான் எப்பவும் பாத்தத மட்டும்தான் எழுதுவேன். இதையும் பாத்துட்டேன், இதையும் எழுதறேன். அட்ட குடுத்தது என் தப்புன்னே எழுதறேன்.” எனக்கு அவர அப்படியே கட்டிப் புடிச்சிக்கணும்போல இருந்துச்சு. அவரு விரல நீட்டி, “ஆனா ஒண்ணு. ஃபைனலுக்கு வேற ரெஃப்ரி. அவருக்கு இந்த கார் பார்க் கத தெரியாது. ஆட்டத்துக்கு நடுவுல யாரும் விளக்கம் கேட்டுக்கிட்டு நிக்க மாட்டாங்க. பொண்ணோட கைய கீழ வெக்கச் சொல்லு”ன்னாரு.

அவரு சொன்னதுல ஞாயம் இருந்துச்சு. அதுதான் எனக்கு எரிச்சல். டப்பாவ தொறந்து நீட்டினேன். ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கிட்டு, “இது கேரட்டா?”ன்னாரு. சேகர் மொகம் வாடிப் போச்சு.

7

சிவப்பு அட்ட ரத்துன்னு வெள்ளிக்கிழம டோனா போன் பண்ணா. சந்தோஷத்துல நான் போட்ட சத்தத்துல நான் வேல செய்ற இல்லத்துல இருக்கற பாட்டி ஒருத்தங்க டீய கொட்டிட்டாங்க. ஆனா டோனாவும் கடைசியில கீத் சொன்னதையேதான் சொன்னா. “ஃபைனல்ல அது வேணாம், கண்ணு. அவ கைய கட்டுப்படுத்திக்கணும்.”

இன்னி சோபாவுல சுருண்டுக்கிட்டு, “செய்யறேன்னே எனக்குத் தெரியாது, அத எப்படி செய்யாம இருக்கறது?”ன்னா.

“பழகலாம், வா”ன்னேன். அவளக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் பின்னால போனேன். “பூட்ஸ் வேணாம், சாக்ஸோட நில்லு. நான் பந்த உருட்டறேன், நீ வந்து பறி. என் கால நல்லா மிதி. மிதிச்சிட்டு குனியாத. கை விரல மடக்கி வெச்சிக்கிட்டு ஓடிடு.”

மிதிச்சா. குனிஞ்சா. “குனியாதடி!” மறுபடியும் மிதிச்சா, மறுபடியும் குனிஞ்சா. ரெண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கல. அதுல இன்னொரு கூத்து. அவ என்ன மிதிக்கும்போது நானும் அவள மிதிச்சிடுவேன், நான் குனிஞ்சிடுவேன். “அம்மா, நீயே செய்யற!”ன்னு அவ கத்துவா. வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பாத்துட்டு ஒண்ணும் கேக்காம உள்ள போயிட்டாரு. ரொம்ப வருஷத்துக்கப்பறம் அன்னிக்குத்தான் நானும் ஒரு ஆட்டம் ஆடினேன்னு படுக்கப் போறப்பத்தான் ஞாபகம் வந்துச்சு.

சனி, ஞாயிறு, திங்கள் மூணு நாளும் இதே வேல. செவ்வாக்கிழம சாயங்காலம், நல்லா அழுத்தி மிதிச்சா. அவ கை பாதி வரைக்கும் வந்துச்சு. விரல மடக்கினா. ஓடிட்டா. நான் “சபாஷ்!”னு கைதட்டினேன். கைதட்டிட்டு அங்கயே நின்னேன். எனக்கு சந்தோஷம் வந்திருக்கணும், வந்துச்சு, ஆனா அதோட வேற ஒண்ணும் வந்துச்சு. நான் சொல்லிக் குடுக்காமயே அவகிட்ட இருந்த ஒண்ண, நானே உக்காந்து சொல்லிக் குடுத்து எடுத்துட்டேன். வலி கால்லயா வேற எங்கயான்னு தெரியாம கால தேச்சிக்கிட்டேன்.

தூரத்துல நின்னுக்கிட்டு இன்னி, “அம்மா, வலிக்கிறதா?”ன்னா. தமிழ்ப் பள்ளிப் புத்தகத் தமிழ். எங்க இருந்து எடுத்தாளோ!

“இல்லடி. நல்லா மிதிச்ச”ன்னேன்.

நைனாவுக்கு போன்ல எல்லாத்தையும் சொன்னேன். “இன்னாம்மா இது அநியாயமா இருக்குது! கால் பட்டா ஒத்திக்கக் கூடாதாமா? அங்க பஸ்ல கூட்டமே வராதா?”ன்னாரு. சிரிச்சோம். அப்பறம் கொஞ்சம் நிறுத்தி, “அந்த ஆளுகிட்ட நீ நேராவா போயிப் பேசின?”ன்னாரு.

“ஆமா நைனா.”

“நேரா போயிப் பேசிட்டியா?”ன்னு இன்னொரு தடவ கேட்டாரு. பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்காம, “நல்லதும்மா. நல்லது பண்ண”ன்னு போன வெச்சிட்டாரு.

8

ஃபைனல் வேற ஒரு பூங்காவுல. அன்னிக்கு மதியமே தூறல் போட்டு புல்லெல்லாம் சேறு. அதே கயிறு, அதே போர்டு. வேற ரெஃப்ரி, சின்ன வயசு, சிரிக்காத மூஞ்சி. நான் ஜாக்கெட் ஜிப்ப கடிச்சிக்கிட்டு நின்னேன். எங்களுக்குப் பின்னால கொட தூக்கிக்கிட்டு ஒரு நரச்ச தல. கீத்! கை காட்டினாரு. கேசரி இல்லன்னு நானும் கை காட்டினேன்.

ஆட்டம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல என் பொண்ணுக்கு மொத வேல வந்துச்சு. பந்தோட வந்தவ கால்ல இருந்து, சறுக்கிக்கிட்டே போயி அத பறிச்சா. அந்தப் பொண்ணு சேத்துல உருண்டா. நல்ல டேக்கிள், விசில் இல்ல. ஆனா கால் பட்டுச்சு. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். எழுந்தா. அவ கை லேசா எழும்பறத கயித்துக்கு இந்தப் பக்கத்துல இருந்து பாத்தேன். மூச்ச புடிச்சிக்கிட்டேன். விரல் மடங்கிச்சு. பந்த எட்டி ஒதச்சிட்டு அவ ஓடிட்டா. திரும்பிக் கூட பாக்கல.

அப்பாடான்னு நிமிர்றதுக்குள்ள, என் கை தானா கீழ போச்சு. கயித்துக்குப் பின்னால இருந்த ஈரப் புல்ல தொட்டு என் ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டேன். அந்த சேத்துல உருண்ட பொண்ணு யாரோ, அவ அம்மா எந்தப் பக்கம் நிக்கறாளோ. அவளுக்குத் தெரியப் போறதில்ல. சேகர் பாத்தாரு, கொஞ்சம் நகர்ந்து என்ன மறச்சிக்கிட்டு நின்னாரு.

அதுக்கப்பறம் இன்னி மிதிக்க மிதிக்க நான் குனிஞ்சிக்கிட்டே இருந்தேன். பக்கத்துல நின்ன அம்மா ஒருத்தங்க, “எதாவது தொலச்சிட்டியா?”ன்னு கேட்டாங்க. இல்லன்னேன். போர்டுல இதுக்குத் தட இல்ல, நான் படிச்சிப் பாத்துட்டேன்.

ஒரு கோல்ல தோத்தாங்க. அழுதாங்க, டோனாவும் சேந்து அழுதா. இன்னி அழல. தலையில இருந்து கால் வரைக்கும் சேறா என்கிட்ட நடந்து வந்தா. அடுத்த வருஷமும் கோல் பக்கம் போக மாட்டேன், இதே எடத்துலதான் ஆடுவேன்னு டோனாகிட்ட சொல்லிட்டாளாம்.

“அம்மா, நான் ஒரு தடவ கூட செய்யல. பாத்தியா?”

“பாத்தேன்.”

அவ என் மூஞ்சிய உத்துப் பாத்தா. அப்பறம் தன் சேத்துக் கைய நீட்டி என் இமைய தொட்டா. “உன் கண்ணு மேல ஏன் மண்ணு?”

“ஒண்ணுமில்லடி. நீ ஆடு. குனியறத நான் பாத்துக்கறேன்.”